பித்தவெடிப்புக்கு வீட்டில் செய்யும் களிம்பு: மெழுகும் எண்ணெயும் எதைச் செய்யும், எதைச் செய்யாது

குதிகால் வெடிப்புக்கு வீட்டிலேயே ஒரு களிம்பு செய்துகொள்ள முடியுமா, தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் போதுமா, கிளிசரினும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் இன்னும் நன்றாக வருமா, சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கும் அதையே பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். களிம்பு செய்வது கடினமே இல்லை. ஒரு தராசும் இரண்டு பாத்திரங்களும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். ஆனால், நன்றாகச் செய்த களிம்பைக்கூடக் காய்ந்த காலில் பூசினால் பலன் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதையும், அதற்கான காரணத்தையும் முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். அந்தக் காரணம் புரிந்துவிட்டால் எந்தப் பொருளைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

உள்ளங்காலின் தோல் மற்ற இடத்துத் தோலைப் போன்றது அல்ல. தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கெட்டியான படலம், உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. குதிகாலிலோ அது ஒரு மில்லிமீட்டரையும் தாண்டிவிடக்கூடும். இவ்வளவு தடிமனான அந்தத் தோலுக்கு எண்ணெய்ப் பசை சுரக்கும் சுரப்பி ஒன்றுகூட இல்லை. வியர்வைச் சுரப்பிகள் உள்ளங்காலில் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் கிடையாது. ஆகவே முகத்திலும் முதுகிலும் இயல்பாகப் படர்ந்து ஈரத்தைக் காக்கும் எண்ணெய்ப் படலத்தின் உதவி குதிகாலுக்கு இல்லை. இதோடு எடையும் சேர்கிறது. நாம் காலை ஊன்றும்போது குதிகாலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மெத்தை அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. சுற்றியுள்ள தோல் ஈரப்பதத்தோடு இருந்தால் அந்த இழுப்புக்கு நெகிழ்ந்து கொடுக்கும். காய்ந்து மஞ்சள் பூத்துக் காய்ப்புக் காய்த்திருந்தால் நெகிழ முடியாமல் விளிம்போடு விளிம்பாக வெடிக்கும். பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும், பெரும்பாலானோருக்கு அது வறட்சி, தடிப்பு, எடை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலைதான். நாள் முழுதும் நின்றபடி வேலை செய்பவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும், பின்பக்கம் திறந்த செருப்பையே எப்போதும் அணிபவர்களுக்கும் இது அதிகமாக வருவதற்குக் காரணம் இதுவே.

இப்போது களிம்பின் பங்குக்கு வருவோம். இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் இன்றும் அடிப்படையாகப் பேசப்படுகிறது. காய்ந்து விறைத்துப்போன தோலின் மேற்படலம் எண்ணெயால் மென்மையாவதில்லை என்பதையும், தண்ணீர் ஏறினால்தான் அது வளையத் தொடங்குகிறது என்பதையும் அவர் காட்டினார். அதாவது, தோலை மென்மையாக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதே எண்ணெய்க்கும் மெழுகுக்கும் உரிய வேலை. இதைக் காலில் பூசிப் பார்த்தவர்கள் அனுபவத்திலும் அறிவார்கள். வறண்ட குதிகாலில் இரவு எண்ணெய் தடவிப் படுத்தால் காலையில் மேற்பரப்பு பளபளக்கும், விரலால் அழுத்தினால் அடியில் அதே விறைப்பு அப்படியே இருக்கும்.

இந்தத் தவற்றை நானே இரண்டு வருடங்கள் செய்திருக்கிறேன். என் அம்மாவின் குதிகாலில் வெடிப்பு மிக ஆழமாக இருந்தது. இரவில் அவர் காலை அசைக்கும்போது போர்வையின் நூல் வெடிப்பின் விளிம்பில் மாட்டி இழுபடும் ஓசை, சரக் சரக்கென்று, பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். விதவிதமான எண்ணெய்களைக் கலந்து, நல்ல மெழுகு சேர்த்து, அழகாக உறைந்த களிம்பாகச் செய்து கொடுத்தேன். பலனே இல்லை. குறை களிம்பில் இருக்கவில்லை, பூசிய விதத்தில்தான் இருந்தது: அவர் வேலையெல்லாம் முடித்து, கால் நன்றாகக் காய்ந்த பிறகு, படுக்கப் போகும் நேரத்தில் பூசிக்கொண்டிருந்தார். அதே களிம்பை, வெந்நீரில் ஊறிய காலில், ஈரம் இருக்கும்போதே பூசத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் போர்வை மாட்டுவது நின்றது.

ஆக, நாம் செய்யப்போகும் களிம்பிடம் எதிர்பார்க்க வேண்டியவை இரண்டு. ஈரத்தின் மேல் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். நடந்தாலும் காலுறை உரசினாலும் எளிதில் வழிந்துபோகாமல் ஒட்டி நிற்க வேண்டும். முதல் வேலைக்கு மிகச் சிறந்த வீட்டுப் பொருள் எது என்று கேட்டால், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் செஸ்பரோ 1872இல் வாஸலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்ற நாள்முதல் இன்றுவரை, தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு நிகரான மலிவான பொருள் வேறு இல்லை. நன்கு சுத்திகரிக்கப்பட்டது தோலுக்குக் கெடுதல் செய்வதில்லை, ஒவ்வாமையும் மிக அரிது. களிம்பு காய்ச்ச நேரமில்லாதவர்கள் ஈரக் காலில் அதை மட்டும் பூசினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். பிறகு ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்றால், ஜெல்லி மிகவும் மென்மையானது, கால் ஊன்றியவுடன் தரைக்கும் விரிப்புக்கும் போய்விடும். மெழுகு சேர்ந்த களிம்பு அப்படி ஓடாது. வாசனைப் பொருள் இல்லாமல், உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் பொருள்களை மட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம் என்பதும் ஒரு நன்மை.

களிம்புக்கு எலும்புக்கூடாக இருப்பது தேன்மெழுகு. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே உடல் சூட்டிலும் வெயில் காலத்திலும் தன் உருவத்தை இழக்காது. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் கேண்டலில்லா என்ற செடியிலிருந்து எடுக்கும் மெழுகைப் பயன்படுத்தலாம். அது தேன்மெழுகைவிடக் கெட்டியானது என்பதால் பாதியளவில் தொடங்கிப் பார்த்துக் கூட்டுவது நல்லது. அடுத்தது ஷியா வெண்ணெய், அதாவது ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு. உடல் சூட்டை ஒட்டி இது இளகும். கையில் எடுத்தால் கெட்டியாகவும், தேய்த்தால் குழைவாகவும் இருக்கும் அந்தத் தன்மையைக் களிம்புக்கு இதுவே கொடுக்கிறது. மூன்றாவது லானோலின், அதாவது செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படும் மெழுகு போன்ற பொருள். இதன் சிறப்பு என்னவென்றால், தன் எடையளவுக்கும் மேலான தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஈரக் காலில் பூசும்போது மற்ற எண்ணெய்கள் நீரின் மேல் நழுவுவது போல் இது நழுவாது. ஆனால் சிலருக்கு லானோலின் ஒவ்வாது. முதல் முறை பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு காலில் பூசட்டும்.

எண்ணெய்களில் நான் எடுத்துக்கொள்வது விளக்கெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும். விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு மற்ற இடங்களில் தொந்தரவு, குதிகாலிலோ அதுவே நமக்கு வேண்டிய குணம். சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் தோலின் தடுப்புச் சுவருக்கு உகந்தது. ஒலீயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் இதற்கு நேர்மாறாக அந்தச் சுவரைத் தளர்த்தக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்த்துவிடுகிறேன். நீங்கள் கேட்ட தேங்காய் எண்ணெய் கெட்டதல்ல. ஆனால் 25 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். தனியாகப் பூசினால் படுக்கை விரிப்புதான் அதைக் குடிக்கும். மெழுகோடு சேர்த்தால் நிற்கும், ஆகவே சூரியகாந்தி எண்ணெயின் இடத்தில் பாதியளவு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கொட்டை வகைகளால் ஒவ்வாமை இருந்தால் பாதாம் எண்ணெயை இதில் கொண்டுவர வேண்டாம்.

அளவுகளை எடையில்தான் சொல்கிறேன், கரண்டிக் கணக்கில் அல்ல. துருவிய மெழுகு ஒரு கரண்டியில் எவ்வளவு நிற்கும் என்பது துருவலைப் பொறுத்து மாறும், அந்தச் சிறு வேறுபாடே களிம்பைக் கல்லாக்கவும் கூழாக்கவும் போதும். 100 கிராம் களிம்புக்கு தேன்மெழுகு 18 கிராம், ஷியா வெண்ணெய் 27 கிராம், லானோலின் 10 கிராம், விளக்கெண்ணெய் 15 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 30 கிராம். இவற்றோடு எண்ணெய் விரைவில் கெடாதிருக்க வைட்டமின் ஈ எண்ணெய் அரை கிராம். லானோலின் வேண்டாதவர்கள் அந்த 10 கிராமை ஷியா வெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்குப் பதிலாகப் பெட்ரோலியம் ஜெல்லியை நிறையச் சேர்க்க நினைத்தால் விளக்கெண்ணெயை விட்டுவிட வேண்டியிருக்கும், ஏனெனில் இரண்டும் எளிதில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெப்பமான பருவத்தில் மெழுகை 22 கிராமாக உயர்த்திச் சூரியகாந்தி எண்ணெயை 26 ஆகக் குறைப்பதும், குளிரான பருவத்தில் மெழுகை 14 ஆக இறக்கி எண்ணெயை 34 ஆகக் கூட்டுவதும் சரியாக இருக்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது சூடும் ஈரமும்தான். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்து மெல்லக் கொதிக்கவிட்டு, அதன் மேல் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கிண்ணத்தையோ எவர்சில்வர் கிண்ணத்தையோ வைத்து, அதில் துருவிய தேன்மெழுகையும் இரண்டு எண்ணெய்களையும் போடுங்கள். மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடானால் அது தீப்பற்றும், எரியும் மெழுகின் மேல் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு இன்னும் தெறித்துப் பரவும். அடுப்பை விட்டு நகராமல் நின்று, மெழுகுத் துகள் ஒன்றுகூடத் தெரியாமல் எண்ணெய் தெளியும்வரை கிளறுங்கள். தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு லானோலினையும் ஷியா வெண்ணெயையும் சேர்த்தால், இருக்கும் சூட்டிலேயே அவை கரைந்துவிடும். வைட்டமின் ஈயைக் கடைசியில், சூடு சற்றுத் தணிந்த பின் விட வேண்டும். கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கும் நீராவித் துளிகள் ஊற்றும்போது வழிந்து களிம்புக்குள் விழும். பலரும் கவனிக்காத இடம் இது. தூக்கியவுடன் ஒரு துணியால் அடியைத் துடைத்துவிடுங்கள்.

ஜாடியில் ஊற்றுவதற்கு முன் ஒரு சிறு சோதனை உண்டு. இதைச் செய்யாமல் நான் எந்த முறையும் ஊற்றுவதில்லை. தொடங்கும்போதே ஒரு பீங்கான் தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். களிம்பு உருகியிருக்கும்போது கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து அந்தக் குளிர்ந்த தட்டில் விட்டால், விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்மை படர்ந்து, அரை நிமிடத்தில் முழுச் சொட்டும் உறைந்துவிடும். இரண்டு நிமிடம் தட்டை வெளியே வைத்துவிட்டு, அதன் மேல் கட்டைவிரலை அழுத்தித் தேயுங்கள். விரலின் சூட்டில் முதலில் தயங்கி, பிறகு குழைந்து, ரேகைகளுக்குள் மெல்லிய படலமாக இறங்கினால் பதம் சரி. செதிலாக உடைந்தால் மெழுகு அதிகம், இன்னும் இரண்டு கிராம் எண்ணெய் வேண்டும். தொட்டதுமே எண்ணெயாக ஓடினால் ஒரு கிராம் மெழுகைச் சேர்த்து மறுபடி சூடாக்கி உருக்குங்கள். உறைந்து ஆறிய பிறகு திருத்துவதைவிட இப்போது திருத்துவது மிகவும் எளிது.

ஷியா வெண்ணெய் சேர்த்த களிம்பில் சில நாள் கழித்து மணல் போன்ற நெருநெருப்பு தோன்றுவதுண்டு. அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. ஷியாவில் உள்ள கொழுப்புகள் எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாக ஆறும்போது உயர்ந்த சூட்டில் உறையும் கொழுப்பு முந்திக்கொண்டு சிறுமணிகளாகத் திரண்டுவிடுகிறது. அதனால்தான் ஊற்றிய ஜாடியை அறைச் சூட்டில் ஆறவிடாமல், கை பொறுக்கும் சூடு வந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவாக உறையவைக்க வேண்டும். மணி திரண்டுவிட்டால் முழுவதையும் மறுபடி உருக்கி, விரைவாகக் குளிரவைத்தால் சரியாகிவிடும். மெழுகு ஒட்டிய பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். கழுநீர்க் குழாயில் போனால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இந்தக் களிம்பில் ஒரு துளித் தண்ணீர்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர்தான் தோலை மென்மையாக்குகிறது என்று சொல்லிவிட்டு அதைக் களிம்பில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நீர் சேர்ந்த நொடியிலிருந்து பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர இடம் கிடைத்துவிடும். அதைத் தடுக்கச் சரியான அளவில் பதப்பொருள் வேண்டும், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைக்க வேறொரு பொருள் வேண்டும், இரண்டும் சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஆய்வகம் வேண்டும். வைட்டமின் ஈ இதற்கு உதவாது. எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. வெடித்த தோலில் கிருமி வளர்ந்த களிம்பைப் பூசுவதைவிட எதையும் பூசாமல் இருப்பதே மேல். ஆகவே ரோஜா நீர், கற்றாழைச் சாறு, பால், தேன் எதுவும் இந்த ஜாடிக்குள் வர வேண்டாம். ஈரக்கையை விட்டுக் களிம்பை எடுப்பதும் கூடாது. சிறிய மரக்கரண்டி ஒன்றை ஜாடியோடு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப்புகாத ஜாடியில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் ஏறத்தாழ 6 மாதம் நன்றாக இருக்கும். நீங்கள் சேர்த்த எண்ணெய்களில் எது பழையதோ அதன் ஆயுளே களிம்பின் ஆயுள். வாடை மாறினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கிளிசரினை இதில் கலக்காததற்குக் காரணம் வேறு: அது எண்ணெயில் கரையாது, ஜாடியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் நீரை ஈர்த்துப் பிடிப்பதில் அது மிக நல்ல பொருள். ஆகவே அதன் இடம் களிம்புக்கு அடியில். ஊறவைத்த ஈரக் குதிகாலில் இரண்டு மூன்று துளி கிளிசரினை நீரோடு குழைத்துத் தேய்த்துவிட்டு, அதன் மேல் களிம்பைப் பூசினால், கீழே ஈரத்தைப் பிடிக்கும் பொருளும் மேலே அதை மூடும் பொருளும் தத்தம் இடத்தில் அமைந்துவிடும். தோல் கிரீம்களில் சேர்க்கப்படும் யூரியாவின் கதையும் இதுதான், இன்னும் அழுத்தமாக. 10 சதவீத அளவில் ஈரத்தைப் பிடிப்பதும், 20 சதவீதத்துக்கு மேல் தடித்த காய்ப்பைத் தளர்த்தி உதிர்ப்பதும் அதன் வேலை. குதிகால் தடிப்புக்கு அதைவிடச் சிறந்த பொருள் குறைவு. ஆனால் அது நீரில்தான் கரையும், கரைசலில் மெல்லச் சிதைந்து அம்மோனியாவாக மாறும், எனவே வீட்டில் செய்யத் தகுந்தது அல்ல. வயலுக்குப் போடும் உர யூரியாவை வாங்கிக் கரைத்துப் பூசும் யோசனை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது தோலுக்காகச் சுத்திகரிக்கப்பட்டது அல்ல. தடிப்பு மிகுதியாக இருந்தால் மருந்துக் கடையில் யூரியா கலந்த கிரீம் ஒன்றை வாங்கி முதலில் பூசி, அதன் மேல் உங்கள் களிம்பைப் பூசலாம். வீட்டில் செய்தது, கடையில் வாங்கியது என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியும், சோடாக் கரைசல் 8க்கு மேலும் இருக்கும். முழுத் தோலில் இவை எரிச்சலோடு போகலாம். வெடித்த தோலில் காயத்தைக் கிளறும். வாசனைக்காகச் சேர்க்கும் லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் போன்ற நறுமண எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை கூடுகிறது. பிளவுபட்ட தோல் வழியாக எதுவும் எளிதில் உள்ளே போகும் என்பதால் குதிகால் களிம்பில் அவற்றை நான் சேர்ப்பதில்லை. ஷியாவுக்கும் தேன்மெழுகுக்கும் இயல்பாகவே இருக்கும் இலேசான மணமே போதும்.

இனிப் பூசும் முறை. இரவு படுக்கும் முன், இளஞ்சூடான நீரில் 10 முதல் 15 நிமிடம் கால்களை வைத்திருங்கள். அதற்கு மேல் ஊறவைத்தால், தோலுக்குள் இயல்பாக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்களே கரைந்து நீரோடு போய்விடும். கொதிக்கும் சூடும் நுரை பொங்கும் சோப்பும் அதை இன்னும் விரைவுபடுத்தும். ஊறிய தோலில் பியூமிஸ் கல்லை (கால் தேய்க்கும் சொரசொரப்பான கல்) இலேசாகத் தேய்த்து, வெளுத்துத் தளர்ந்து நிற்கும் விளிம்புகளை மட்டும் எடுங்கள். காய்ப்பு என்பது அழுத்தத்துக்கு உடல் தரும் பதில். ஒரே நாளில் வழவழப்பாகச் சுரண்டினால் தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடித்து வளரும். பிளேடையும் கத்தியையும் காலுக்கு அருகில் கொண்டுவராதீர்கள். பிறகு துண்டால் ஒற்றியெடுங்கள், துடைத்து உலர்த்தாதீர்கள். தோல் இன்னும் ஈரமாக இருக்கும் அந்த மூன்று நிமிடத்துக்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும். ஒரு குதிகாலுக்கு அரை கிராம், அதாவது ஒரு பட்டாணி அளவு போதும். இந்தக் கணக்கில் 100 கிராம் ஜாடி இரண்டு கால்களுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் வரும். உள்ளங்கையில் குழைத்து, வெடிப்பின் போக்கிலேயே அழுத்தித் தடவி, பருத்திக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் பூசாதீர்கள், அங்கே ஈரம் தேங்கினால் தோல் வெளுத்து ஊறிப் பூஞ்சை குடியேறும். படுக்கையில் உட்கார்ந்தபடியே பூசி, காலுறை போட்ட பிறகு எழுந்திருங்கள். களிம்பு பூசிய வெறுங்காலோடு வழவழப்பான தரையில் நடந்து விழுந்தவர்கள் உண்டு. காலுறையிலும் விரிப்பிலும் எண்ணெய் ஏறுவதால் அவை எளிதில் தீப்பற்றும், ஆகவே அடிக்கடி துவைப்பதும் அடுப்பு, சிகரெட் நெருப்பிலிருந்து விலகி இருப்பதும் அவசியம்.

விடாமல் செய்தால் ஒரு வாரத்தில் விறைப்பு குறையும், மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி மூடும். மேல் அடுக்கு உதிர்ந்து அடியிலிருந்து புதிய அடுக்கு ஏறி வருவதற்கு அத்தனை நாள் வேண்டும், அதை எந்தக் களிம்பாலும் முடுக்க முடியாது. மூடிய பிறகும் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தொடருங்கள். குதிகாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் பின்புறம் மூடிய, மெத்தையுள்ள காலணி அணிந்தால் அந்தக் கொழுப்பு மெத்தை பிதுங்குவது குறையும். காலணியை மாற்றாமல் களிம்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு வெடிப்பு திரும்பத் திரும்ப வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு வாரம் சரியாகச் செய்தும் அசையவில்லை என்றால், அது வெறும் வறட்சிதானா என்று யோசிக்க வேண்டும். உள்ளங்கால் முழுவதும் மாவு பூசியதுபோல் வெண்செதில் படிந்து, கோடுகளில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்து, ஒரு காலில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்து, நகமும் தடித்து மஞ்சளித்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பூஞ்சை மருந்துதான் வேண்டும். எவ்வளவு நல்ல களிம்பும் அதைத் தீர்க்காது. சொரியாசிஸ், கரப்பான், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடாகி வலித்தாலோ, சீழ் தெரிந்தாலோ வீட்டுக் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, அப்பாவைப் பற்றிய கேள்வி. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கவும் இரத்த ஓட்டம் குறையவும் வாய்ப்பு உண்டு. அப்போது வெடிப்பு வலிக்காது, அதனாலேயே அது ஆபத்தானது. வலி இல்லாத பிளவு வழியாகத் தொற்று நுழைந்து, கவனிப்பதற்குள் ஆறாத புண்ணாகிவிடக்கூடும். வெடிப்பு மேலோட்டமாக இருந்து, தோல் முழுமையாக இருந்தால் இந்தக் களிம்பை அவர் பூசலாம். ஆனால் முதலில் அவருடைய மருத்துவர் காலைப் பார்த்துச் சொல்லட்டும். அவருக்கு வெந்நீரில் ஊறவைப்பதும் பியூமிஸ் கல்லும் வேண்டாம், சாலிசிலிக் அமிலம் கலந்த காய்ப்பு மருந்துகளும் வேண்டாம். சூடு உறைக்காத கால், கொப்புளம் வந்த பிறகும் சொல்லாது. இளஞ்சூட்டு நீரில் விரைவாகக் கழுவும்போதுகூட நீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பார்த்துக்கொடுங்கள். கழுவி, விரல் இடுக்குகளை மட்டும் நன்றாக உலர்த்தி, குதிகாலின் ஈரத்தின் மேல் மெல்லியதாகப் பூசுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலை முழுவதுமாகப் பாருங்கள். அவரே பார்த்துக்கொள்வதானால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கட்டும். நேற்று இல்லாத ஒரு சிவப்போ, ஒரு ஈரக்கசிவோ தென்பட்டால் அன்று களிம்பு வேண்டாம், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.